நாய்களுக்கு ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம்

வாய்ப்பூட்டுச் சட்டம் என்னும் சொற்றொடர் பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்த எவருக்கும் புதியதன்று. அரசுகள் எழுதுவோரின் வாயைக் கட்ட முற்படும் ஒவ்வொரு முறையும் அது எங்கள் தலைப்புகளில் வந்து அமர்ந்துகொள்ளும். நானும் அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆயின் உவமையாக அன்றி, சொல்லின் நேர்ப்பொருளிலேயே அத்தகைய சட்டத்துக்கு ஆட்பட்ட ஓர் உயிரினம் உண்டு. அது நாய். அச்சட்டம் பிறந்த கதையைத் தேடிச் சென்றால் அது வெயில் காலத்தின் கதையாக விரிகிறது. நாய் வாயைத் திறந்து இளைப்பது எதற்காக என்பதை மனிதன் அறிந்துகொள்ள எத்தனை நூற்றாண்டுகள் எடுத்தன என்பதே அந்தக் கதை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சித்திரை பிறக்கும் நாள்களை ஒட்டிச் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாள்களில் கொழும்பு வீதிகளில் நடந்து செல்கையில், பனி நாட்டுக்கென்றே பிறந்த ஹஸ்கி நாய்களும் மூக்குச் சப்பையான பக் நாய்களும் சீமெந்துத் தரையிலும் தகரக் கூரையின் கீழும் கட்டப்பட்டிருக்கக் காண்கிறேன். வளர்ப்பவர்களிடம் கேட்டால், “நாய்தானே, பழகிவிடும்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. வரலாறு தரும் விடை வேறு.

நாய் விண்மீன்மீது விழுந்த பழி

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கடுங்கோடைக்கு ‘நாய் நாள்கள்’ என்று பெயர். நமக்கு அக்கினி நட்சத்திரம் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. இரவு வானில் மிகுந்த ஒளியுடைய சிரியஸ் என்னும் விண்மீன் பெருநாய் என்ற விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. அது விடியலில் சூரியனுக்குச் சற்று முன்பாக எழத் தொடங்கும் காலத்தைப் பண்டைய கிரேக்கரும் உரோமரும் கடுங்கோடையின் காலமாகக் கொண்டனர். அவ்விண்மீன் எரிக்கும் நாள்களிலேயே நாய்களுக்கு விசர் பிடிக்கிறது என்றும் நம்பினர். முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம அறிஞர் பிளினி, அந்த முப்பது நாள்களிலும் நாயின் உணவில் கோழி எச்சத்தைக் கலந்து கொடுப்பதைத் தடுப்பு முறையாக எழுதிவைத்தார்.

இன்று படிக்கையில் சிரிப்பு வருகிறது. ஆனால் வெப்பமே விசருக்குக் காரணம் என்ற நம்பிக்கை ஏறத்தாழ 18 நூற்றாண்டுகள் உயிரோடிருந்தது. விசர்நாய் நோய் ஒரு வைரஸ் கிருமியால் வருவது. எந்தப் பருவத்திலும் வரக்கூடியது. வெயிலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் வெப்பத்தாக்குக்கு உள்ளான நாயைப் பாருங்கள். வாயிலிருந்து எச்சில் வழிகிறது. கண்கள் நிலைகுத்துகின்றன. கால்கள் தடுமாறுகின்றன. பின்னர் வலிப்பு வருகிறது. அஞ்சிய கண்ணுக்கு இது விசர் பிடித்த நாயாகவே தோன்றும். நீரும் நிழலும் கிடைத்தால் பிழைத்திருக்கக்கூடிய எத்தனை நாய்கள் பொல்லடி பட்டுச் செத்திருக்கும் என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை.

கூடையின் அடியில் இருந்த ஈரம்

1774 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு விசித்திரமான பரிசோதனை நடந்தது. சார்ள்ஸ் பிளக்டன் என்ற மருத்துவர், ஜோர்ஜ் போர்டைஸ், ஜோசப் பாங்ஸ், டானியல் சொலாண்டர் முதலிய அறிஞர்களுடன் சேர்ந்து, நீர் கொதிக்கும் வெப்பத்திலும் கூடிய வெப்பமுடைய அறை ஒன்றுக்குள் புகுந்து நின்றார். அதே அறையில் முட்டை வெந்தது. மாட்டிறைச்சித் துண்டும் வெந்தது. உள்ளே நின்ற மனிதர்கள் நலமாக வெளியே வந்தனர்.

அந்த அறைக்குள் 32 இறாத்தல் எடையுள்ள பெண் நாய் ஒன்றையும் வைத்தார்கள். பாதங்கள் தரையில் பட்டுப் பொசுங்காதபடி அதை ஒரு கூடைக்குள் அமர்த்தினார்கள். 220 பாகை பரனைற்றுக்கு, அதாவது 104 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நாய் அரைமணி நேரம் இருந்தது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்ததே தவிர, அதற்குத் தீங்கொன்றும் நேரவில்லை. வெளியே எடுத்தபோது கூடையின் அடிப்பாகம் எச்சிலால் நனைந்திருந்ததை பிளக்டன் குறித்துவைத்தார். மறு ஆண்டு அக்குறிப்பு இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

விடை அந்தக் கூடையிலேயே இருந்தது. மனிதன் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்கிறான். நாய்க்கு அந்த வசதி இல்லை. பாதத்தின் அடிப்பகுதியில் மாத்திரமே அதற்குப் பயன்படத்தக்க வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை உடலைக் குளிர்விக்கப் போதா. நாக்கு, வாய், மூக்குத் துவாரங்களின் உட்புறம் ஆகிய ஈரப்பரப்புகளின்மேல் காற்றை விரைந்து ஓடவிட்டு, அங்கிருக்கும் நீரை ஆவியாக்கியே அது தன் குருதியைக் குளிரச் செய்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். நமக்குத் தோல் செய்யும் வேலையை நாய்க்கு அதன் வாயும் மூக்கும் செய்கின்றன.

அந்த நாய் பிழைத்ததற்கு இன்னொரு காரணம், அறையின் காற்று வறண்டிருந்தது. வறண்ட காற்று நீரை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். ஈரம் நிறைந்த காற்றோ வாங்க மறுக்கும். அப்போது நாய் எவ்வளவு வேகமாக இளைத்தாலும் எச்சில் எச்சிலாகவே வழிந்துபோகும். வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவேதான் 32 பாகை செல்சியசும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள நம் கரையோர நகரம் ஒன்றின் பிற்பகல், வெப்பமானியில் அதைவிடக் கூடுதலாகக் காட்டும் வறண்ட பாலைநிலத்தைவிட நாய்க்கு ஆபத்தானதாக அமையக்கூடும். வெப்பமானியை மட்டும் பார்த்து நாயின் நிலையை மதிப்பிடுபவர் பாதிக் கணக்கையே பார்க்கிறார்.

பம்பாயில் மூண்ட கலவரம்

பிளக்டனின் கூடை சொன்ன செய்தி சட்டம் இயற்றுவோர் காதுக்கு எட்டவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாயில் வெயில் காலத்தின்போது தெரு நாய்களைக் கொல்லும் வழக்கம் இருந்தது. கொல்லப்படும் ஒவ்வொரு நாய்க்கும் பணம் கொடுக்கப்பட்டது. 1832 இல் அந்தக் காலவரை ஜூன் 15 வரை நீடிக்கப்பட்டது. பணத்தை எண்ணிய சேவகர்கள் வீடுகளுக்கு அருகே நின்ற நாய்களையும் விடவில்லை. நாயைப் புனிதமாகப் போற்றுபவர்கள் பார்சிகள். இறந்தவரின் உடலை நாயின் பார்வையில் படவைப்பது அவர்களுடைய இறுதிச் சடங்குகளுள் ஒன்று. ஜூன் 6 ஆம் நாள் அவர்கள் கொதித்தெழுந்தனர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. கொலாபாவிலிருந்த படையினருக்குச் செல்லவேண்டிய உணவுப் பொருள்களும் தடைப்பட்டன. ஆட்சியாளர் படையை இறக்கிக் கலவரத்தை அடக்கினர். 1834 இல் ஜம்சேத்ஜி ஜீஜிபாய் முதலிய செல்வந்தர்கள் பம்பாயில் விலங்குகளுக்கான புகலிடம் ஒன்றை நிறுவியதற்கு இந்நிகழ்வும் ஒரு தூண்டுதல்.

பம்பாய் தனித்த உதாரணமன்று. நியூயோர்க் நகரில் கோடைதோறும் நாய்களுக்கு வாய்ப்பூட்டு இடவேண்டும் என்ற ஆணைகள் பிறந்தன. 1870களில் அங்கே பிடிபட்ட நாய்களை இரும்புக் கூட்டில் அடைத்து ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். இலங்கையில் 1893 இல் விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இலண்டனில் 1880களில் வாய்ப்பூட்டு ஆணைகள் வந்தன. 1897 முதல் பிரித்தானியாவின் பல பகுதிகளில் அவை கண்டிப்பாக அமுல்படுத்தப்பட்டன.

நியாயத்தையும் சொல்லவேண்டும். பிரித்தானியாவின் வாய்ப்பூட்டு ஆணைகளும், வெளியிலிருந்து வரும் நாய்களைத் தடுத்துவைக்கும் விதிகளும் சேர்ந்து 1902 அளவில் அந்நாட்டிலிருந்து விசர்நாய் நோயை ஒழித்தன. கடியைத் தடுத்தால் நோய் பரவாது என்ற அடிப்படை சரியானதே. ஆனால் வாயை இறுக்கிக் கட்டும் தோல் வாரும், நாய் வாய் திறந்து இளைக்க இடம்விடும் கம்பிக் கூடும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை ஆய்வுகூடத்தில் காட்டியவர் ஒரு பிரெஞ்சு அறிஞர்.

இரண்டு நாய்கள், ஒரு வெயில்

பரிசைச் சேர்ந்த சார்ள்ஸ் றிஷே, ஒவ்வாமை பற்றிய ஆய்வுக்காக 1913 இல் நொபெல் பரிசு பெற்றவர். அதற்கு முன்னர் 1880களில் விலங்குகளின் உடல் வெப்பத்தை ஆராய்ந்தார். வெயிலில் விடப்பட்ட நாய் வாயைத் திறந்து விரைவாக இளைத்துத் தன் வெப்பத்தைக் காத்துக்கொண்டது. வாய் கட்டப்பட்ட நாயோ அவ்வாறு இளைக்க முடியாமல், உடல் வெப்பம் ஏறி உயிராபத்துக்கு உள்ளானது. நாய் இளைப்பது மூச்சுத் திணறலால் அன்று. வெப்பத்தைக் கழிப்பதற்காகவே என்பது இதனால் தெளிவாயிற்று. வாய்ப்பூட்டு ஆணைகள் ஐரோப்பிய நகரங்களில் நடைமுறையிலிருந்த அதே காலத்தில்தான் இந்த ஆய்வும் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டு மேலும் நுணுக்கங்களைச் சேர்த்தது. நாயின் மூச்சு மெல்ல மெல்ல விரைவதில்லை, நிமிடத்துக்கு 300க்கு மேற்பட்ட ஒரு வேகத்துக்குத் திடீரெனத் தாவுகிறது என்று 1962 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது மார்புக்கூடு ஊஞ்சல்போல் தானே ஆடும் இயல்பான வேகம். எனவே அதற்கு ஆகும் உழைப்பு குறைவு. 1970 இல் நட் ஷ்மிட் நீல்சனும் அவருடைய தோழர்களும், இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை உள்ளிழுத்து வாயால் வெளிவிடுகிறது என்று நிறுவினர். ஆகவே நீண்ட மூக்கு நாய்க்கு வெறும் அழகுக்காக அமைந்ததன்று.

இவ்வளவு அறிந்த பின்னரும் வெப்பம் நாய்களைக் கொன்றது. வியட்நாம் போரில் அமெரிக்கா ஏறத்தாழ 4,000 நாய்களை ஈடுபடுத்தியது. அவற்றுள் பெரும்பாலானவை குளிர் நாட்டு இனமாகிய ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள். எங்கள் ஊரில் அல்சேஷன் என்போம். ஈரம் கசியும் காட்டு வெப்பத்தில் பல நாய்கள் குண்டு படாமலே மாண்டன. தம் நாய்க்கென்று மேலதிக நீரைச் சுமந்தே வீரர்கள் காட்டுக்குள் நடந்தனர்.

பிறவியிலேயே பூட்டப்பட்ட வாய்

தோல் வாரினாலான வாய்ப்பூட்டைக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாத ஒன்றையும் மனிதன் உண்டாக்கினான். 1859 இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த கண்காட்சியும், 1873 இல் அமைந்த கெனல் கழகமும் நாய் வளர்ப்பை அழகுப் போட்டியாக்கின. முகம் எவ்வளவு சப்பையோ அவ்வளவு மதிப்பு என்ற நிலை சில இனங்களுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக மூக்கு குறுகியது. உள்ளிருக்கும் மென்மையான தசையோ அதே அளவில் குறையவில்லை. குறுகிய குழாய்க்குள் அது நெருங்கி அடைத்துக்கொண்டது. புல்டோக், பக், பிரெஞ்சு புல்டோக் ஆகிய நாய்கள் உறங்கும்போது குறட்டை விடுவதைப் பலர் வேடிக்கையாகக் காண்கின்றனர். அது காற்றுக்கு வழி போதாத ஓசை.

2010 இல் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டு விமானங்களில் இறந்த 122 நாய்களில் ஏறக்குறைய அரைவாசி சப்பை மூக்கு இனங்களைச் சேர்ந்தவை. பிரித்தானியாவில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் 2016 ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட அறிக்கை, லப்ரடோருடன் ஒப்பிடுகையில் புல்டோக்குக்கு வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு என்றது. வெப்பத்தாக்குக்கு உள்ளானவற்றில் ஏழில் ஒன்று இறந்தது. அதுவும் கோடை வெயிலுக்கு ஏங்கும் பிரித்தானியாவில்! அவ்வாய்வாளர்களின் மற்றொரு கணக்கும் நினைவில் வைக்கத்தக்கது. நான்கில் மூன்று பங்கு நாய்கள் பூட்டிய மோட்டார் வண்டிக்குள் அகப்பட்டவை அல்ல. நடந்தும் ஓடியும் விளையாடியும் வீழ்ந்தவை. அன்போடு உலாவ அழைத்துச் சென்றவரின் கையிலேயே அவை வீழ்ந்தன.

இத்தனைக்கும் பிறகும், 2022 இல் அமெரிக்காவில் மிக அதிகமாகப் பதிவான நாய் இனம் பிரெஞ்சு புல்டோக்.

எங்கள் வெயிலும் எங்கள் நாய்களும்

இலங்கைக்கு வெளிநாட்டு நாய்கள் வந்த கதையும் பழையதே. பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறியச் செய்த சாமுவேல் பேக்கர், 1848 இல் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்தார். அவற்றோடு அவர் குடியேறிய இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியா. குளிர்ந்த அந்த மலைநாட்டில் அவை மரைகளைத் துரத்தின. நாய்க்கு ஏற்ற குளிர் அங்கே இருந்தது. இன்று அத்தகைய இனங்களை வாங்குவோர் நுவரெலியாவிலா வசிக்கின்றனர்? வெள்ளவத்தையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வசிக்கின்றனர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

எங்கள் ஊர் நாய் எதையும் படிக்காமல் இதை அறிந்திருந்தது. ஒல்லியான உடல், குட்டை மயிர், நீண்ட மூக்கு. யாழ்ப்பாணத்து வளவுகளில் அது உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகும். வாழைப் பாத்தியின் ஈர மண்ணைக் கால்களால் கிளறிக் குழியாக்கி, வயிற்றை அந்தக் குளிர்ச்சியில் பதித்துப் படுத்துக்கொள்ளும். வெயில் தாழ்ந்த பின்னரே எழும். கன்றை முறித்துவிட்டது என்று அதை விரட்டும் பெரியவர்களை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். நாய் செய்தது சேட்டையன்று என்பதை இன்று உணர்கிறேன். அதே நாயைச் சங்கிலியில் பிணைத்துச் சீமெந்து முற்றத்தில் விட்டால், அதன் நாட்டுப் பிறப்பு அதைக் காப்பாற்றாது. நிழலைத் தேடிச் செல்லும் உரிமையை நாம் பறித்துவிட்டோம் அல்லவா?

விலங்குகளை வதைப்பதற்கு எதிரான நம் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அது விதித்த ஆகக்கூடிய தண்டம் நூறு ரூபா. சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகள் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தது. ஆகவே சட்டம் வந்து நாய்க்கு நிழல் தரும் என்று காத்திருக்க முடியாது. வீட்டார்தான் தரவேண்டும்.

முதலில் நீர், பிறகு வாகனம்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை ஆகியன பழுதடையத் தொடங்கும். குருதி உறையும் ஒழுங்கும் குலையும். இஸ்ரேலில் 1999 முதல் 2004 வரை சிகிச்சைக்கு வந்த 54 நாய்களைப் பற்றி 2006 இல் வெளியான ஆய்வில், சரிபாதி இறந்திருந்தன. 90 நிமிடங்களுக்கு மேல் தாமதித்து வந்தவற்றுக்கும், உடல் பருத்தவற்றுக்கும் ஆபத்துக் கூடுதலாக இருந்தது.

எனவே வரிசை முக்கியம். இளைப்பு அடங்காமல், எச்சில் தடித்து, நாய் தள்ளாடத் தொடங்கினால், வண்டியைத் தேடுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்கவேண்டும். நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் தோல் வரை நனையுமாறு நீரை ஊற்றி, மின்விசிறியையோ ஓலை விசிறியையோ கொண்டு காற்று வீசவேண்டும். ஈரத்துணியால் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு. சிறிது நேரத்தில் அத்துணியே வெப்பத்தைத் தடுத்துவைக்கும். குளிர்நீர் ஆபத்தானது என்று பழைய நூல்கள் எச்சரித்தன. நாயின் உடலைவிடக் குளிர்ந்த எந்த நீரும் உதவும் என்பதே இன்றைய மிருக வைத்தியர்களின் அறிவுரை. நினைவு தப்பிய நாயின் வாய்க்குள் நீரை ஊற்றக்கூடாது. இவற்றைச் செய்துகொண்டே மிருக வைத்தியரிடம் விரையவேண்டும். பிரித்தானியாவிலேகூட, ஐந்தில் ஏறத்தாழ ஒரு நாய்க்கே வைத்தியரிடம் புறப்படுமுன் இந்த உதவி கிடைத்தது என்று 2023 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

அந்த நிலை வராமல் காப்பது இதைவிட எளிது. உலாவுவது விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பின்போ இருக்கட்டும். நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் ஒரு கணமும் நாயை விடவேண்டாம். கலிபோர்னியாவில் 2005 இல் செய்த அளவீட்டில், வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்ததால் பெரிய பயன் விளையவில்லை. கடிக்கும் நாய்க்கு வாய்ப்பூட்டு இன்றியமையாததானால், வாய் திறந்து இளைக்கவும் நீர் குடிக்கவும் இடம்விடும் கூட்டு வடிவப் பூட்டையே வாங்குங்கள்.

எழுதுவோரின் வாய் பூட்டப்பட்டபோது, அதைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல வேறு எவராவது இருந்தனர். நாயின் வாய் பூட்டப்பட்டால் அதன் சார்பில் பேச அந்த வீட்டாரைத் தவிர ஒருவரும் இல்லை. இந்தச் சித்திரையில் உங்கள் முற்றத்து நாய் நண்பகலில் எங்கே படுக்கிறது என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பாருங்கள்.